அரைப்பேர்

அக்காவுக்குப் பேர் பதிந்த அன்று, விடிவதற்கு முன்பே அம்மா எழுந்து தன்னுடைய பழைய படங்கை இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை அக்காவின் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். 1974ஆம் ஆண்டு அது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. தப்புச் சத்தம் கேட்டதும் அப்பா முன்னே நடந்தார். அக்கா பின்னே போனாள். குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள நானும் அவர்கள் பின்னாலேயே, காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடினேன்.

கணக்கப்பிள்ளை, ஆட்களின் பேர் எழுதும் செக்ரோலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “வயசு?” என்றார்.

“பதினஞ்சு முடிஞ்சிருச்சுங்க ஐயா” என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வீட்டில் அது இல்லை. பேனை ஒரு வரி ஓடியது. அவ்வளவுதான், முந்தின நாள் வரை பள்ளிக்கூடம் போன பிள்ளை அன்றிலிருந்து தோட்டத்து ஆள்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1973, 74 காலத்துப் பஞ்சத்தை அனுபவித்தவர்களுக்கு அது புரியும். அரிசிக் கூப்பன் குறைந்தது, மாவு கிடைப்பதும் அரிதானது. மரவள்ளி நட ஒரு முழ நிலமும் சொந்தமாக இல்லாத தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். ஐந்து வாய்க்கு இரண்டு பேர் சம்பளம் போதவில்லை. மூன்றாவது பேர் வேண்டியிருந்தது.

‘பேர்’ என்ற சொல்லை எங்கள் தோட்டங்களில் எப்படிப் புழங்குகிறோம் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களிடம் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்குரிய ஒரு நாள் சம்பளம். “இந்த மாசம் எத்தினி பேரு?” என்று கேட்டால், எத்தனை நாள் வேலை செய்தாய் என்று பொருள். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அன்று மாலை அக்காவின் கூடையைத் தராசில் மாட்டியபோது முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு அரைப்பேர் விழுந்தது. வீட்டுக்கு வந்து விரல் நுனிகளில் பச்சைக் கறை படிந்த கைகளை விரித்துக் காட்டினாள். “அரைப்பேருன்னா பாதி ஆளுன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. முப்பத்தைந்து வருடங்கள் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டு 2025 தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். சிறுவர், இளைஞர் பற்றி இந்த நாட்டில் வந்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க இப்போது நேரம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு வயது எழுதப்பட்டிருக்கிறது. அந்த வயதுகளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் வயதோடு வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. பிள்ளைப் பருவம் சட்டத்தில் இருந்தது, தொழிலாளி சட்டத்தில் இருந்தார். இரண்டுக்கும் இடையில் வரும் இளமைக்குத்தான் எங்களுக்கு நெடுங்காலம் இடம் ஒதுக்கப்படவில்லை.

*

முதலில் கோப்பிக் காலம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்கள் கடனோடுதான் மலையேறின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயில் அழிந்த பிறகு மலை முழுவதும் தேயிலையானது. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால் குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன, பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். தோட்டத்துக்கு அந்தப் பிள்ளைகள் நாளைய கைகளாகத் தெரிந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, குடும்பத்தின் கடனை எழுதிய ‘துண்டு’ வேண்டும். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை எத்தனையோ பிள்ளைகள் நடக்கப் பழகியது கடன் கணக்குக்குள்தான்.

அந்தக் காலத்துச் சட்டங்களில் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் உள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டங்களை நடத்திய துரைமாரிடம் ஒப்படைத்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதி செய்தது. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய அரசாங்கம் கொடுத்த நெருக்குதலால் வந்த சட்டம் அது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றும் அது சொன்னது.

நல்ல சட்டங்கள்தான். அதற்கு முன் இருந்த நிலைமைக்கு அவை பெரிய முன்னேற்றம். ஆனால் பத்து என்ற எண் இரண்டிலும் வருவதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தின் கடமை பத்தில் முடிகிறது, பிரட்டுக்களம் பத்தில் திறக்கிறது. நடுவில் ஒரு நாள்கூட இல்லை.

1929 தொடக்கத்தில் அந்தச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கென்று சட்டத்திலேயே ஒரு சம்பளம் இருந்தது. எங்கள் தாத்தா 1918இல் பிறந்தவர். அந்த 32 சதத்தை வாங்கியவர். புல்லு வெட்டியதும், கவ்வாத்து மலையில் மிலாறு என்ற வெட்டிய குச்சிகளைப் பொறுக்கியதும்தான் அவருக்குப் பத்து வயதின் நினைவுகள். “நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப” என்று அவர் ஒரு நாளும் கதை தொடங்கியதில்லை. “நான் பிள்ளைச் சம்பளம் வாங்குனப்ப” என்றுதான் தொடங்குவார்.

நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1939இல் சிறுவர், இளம் ஆட்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் புதிய கல்விச் சட்டமும் வந்தன. 1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக்கிய மகத்தான காரியம் அது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்த அமைப்புக்கு வெளியே நின்றன. 1956ஆம் ஆண்டின் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழில் சட்டம் வேலைக்குரிய வயதைப் பதினான்காக்கியது. பெற்றோரோடு செய்யும் விவசாய வேலைக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. மலையில் அம்மாவின் நிரையில் நின்று கொழுந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளையை யார் எண்ணப் போகிறார்கள்?

நான் படித்த பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒரே வாத்தியார். ஐந்து வகுப்புக்கும் ஐந்து வாங்கு. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது மற்ற நான்கும் காதைப் பொத்திக்கொண்டு எழுதும். அடுத்த சுவருக்கு அப்பால் பிள்ளைக்காம்பரா. அங்கே தொட்டில் பிள்ளைகள் அழுதால் எங்கள் வகுப்பிலிருந்து அவற்றின் அக்காமார் எழுந்து ஓடுவார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் வாத்தியார் தலையைத் தடவி அனுப்புவார். அதற்கு மேல் தோட்டத்துக்குள் படிக்க வழியில்லை.

*

இளமைக்கு இடமில்லாமல் போனதற்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணமில்லை. நாடே இல்லாமல் செய்தார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு, இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அது. இளம் ஆளுக்கு மூன்று வருடம் கூடுதலாக ஆதாரம் காட்டும் சுமை. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்ததில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1949இலேயே வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1959இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. தீவின் இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். எங்கள் லயங்களில் பதினெட்டு வயதும் எண்பது வயதும் ஒரே மாதிரிதான் இருந்தன, இரண்டுக்கும் வாக்கு இல்லை.

பிறகு 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974 ஜனவரியில் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தொகையோடும் ‘அவர்களின் இயற்கை அதிகரிப்பும்’ சேரும் என்றது ஒப்பந்தம்.

அக்கா 1961இல் பிறந்தவள். அந்த ஒன்பதே முக்கால் இலட்சத்தில் ஒருத்தி. நான் 1965 ஜனவரியில் பிறந்தேன். நான் அந்த எண்ணிக்கையில் இல்லை, ‘இயற்கை அதிகரிப்பு’. ஒப்பந்தத்தின் அந்தச் சொற்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல். ஒரு அரசாங்கக் கடதாசியில் என்னை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று தெரிந்துகொண்ட அந்த மாலையை நான் மறக்கவில்லை. என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயரின் கீழ்தான் வளர்ந்தோம்.

பள்ளிக்கூடத்து வரவுப் பதிவேட்டில் அதைக் கண்ணால் பார்த்தோம். வாத்தியார் ஒரு பேரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘இந்தியா’ என்று எழுதுவார். என் வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு வருடத்தில் நானும் இன்னொருத்தியுமே மிஞ்சினோம். போகிறவர்களை வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்கு லயமே திரண்டு போகும். தலைமன்னாருக்குப் புறப்படும் அந்த இரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் அழுகைக் கோச்சி. சன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் பிளாட்பாரத்தின் எல்லை வரை ஓடியவர்களில் நானும் ஒருத்தி. என் சிநேகிதி கண்ணாடி வளையலொன்றைக் கழற்றி என் கையில் திணித்தாள். அது என் கைக்குச் சேரவில்லை. இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

*

இத்தனைக்கும் நடுவே மலையகத்து இளைஞர்கள் தங்களைத் தாங்களே இளைஞர்கள் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களுக்கு அந்தப் பேரைக் கொடுக்கவில்லை. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கம் போன்றவர்கள் படித்த பிள்ளைகளைச் சேர்த்து வாசிக்கவும் பேசவும் எழுதவும் வைத்தார்கள். தோட்டக்காட்டான் என்று ஏசப்பட்ட பிள்ளைகள் மலையகத்தான் என்று நிமிர்ந்து சொல்லத் தொடங்கியது அந்தத் தலைமுறையில்தான்.

1977 மே 11. நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முடிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று இரவு எங்கள் லயத்தில் அடுப்பு எரியவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். “நம்ம காணிய நம்ம கையில வச்சிருக்கவும் ஒரு உசுரு வேண்டியிருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஏழாயிரம் ஏக்கரைப் பிரிக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

1979இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்கள் எங்கள் இளைஞரின் வாழ்க்கையைத் தொட்டன. ஒன்று 69ஆம் இலக்க தேசிய இளைஞர் சேவைகள் மன்றச் சட்டம். ஊர் தோறும் இளைஞர் கழகங்கள், விளையாட்டு விழாக்கள், தொழிற்பயிற்சி என்று அது விரிந்தது. மற்றது 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். முதலாவதின் பலன் லயத்துக்கு வந்து சேரப் பல வருடங்கள் எடுத்தன. இரண்டாவது உடனே வந்து சேர்ந்தது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குப் போன எங்கள் பையன்கள், தமிழ் பேசுகிறவர்கள் என்பதற்காகவும் கையில் அடையாள அட்டை இல்லை என்பதற்காகவும் சோதனைச் சாவடிகளில் பிடிக்கப்பட்டார்கள். அடையாள அட்டை ஏன் இல்லை? பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது ஏன் இல்லை? பதிவு தோட்டத்துக் கந்தோர் வழியாகத்தான் நடக்க வேண்டும், பல வேளைகளில் நடக்கவில்லை. லயத்தில் பிறந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதாமல் விட்ட ஒரு வரி, இருபது வருடம் கழித்துக் கொழும்பில் அவனைக் கூண்டில் நிறுத்தியது.

1988இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அடுத்த வருடம், இருபத்துநான்காவது வயதில், எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. அரசாங்க வேலைக்குக் குடியுரிமை வேண்டும். சட்டம் சற்றுப் பிந்தியிருந்தால் நானும் பேர் பதிந்திருப்பேன். தோட்டப் பள்ளிக்கூடங்களை 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொறுப்பேற்றிருந்தது. சுவீடன் நாட்டு உதவியில் கட்டிடங்கள் எழுந்தன. ஜேர்மனியின் துணையோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. அங்கே பயின்று வந்த இளம் ஆசிரியர்கள் எங்கள் மலைகளின் முகத்தை மாற்றினார்கள். எனக்குப் பின்னால் வந்த அவர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்பவர்களையும் அவர்களின் சந்ததியையும் குடிமக்களாக்கி, எஞ்சியிருந்த நாடற்ற நிலையையும் முடித்து வைத்தது.

*

தெற்கே 1987 முதல் 89 வரை நடந்த கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கியதிலும் ஆயிரமாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டார்கள். 1989இல் ஜனாதிபதி பிரேமதாச இளைஞர் பற்றிய ஆணைக்குழுவை நியமித்தார். அதன் அறிக்கை 1990இல் வந்தது. இளைஞரை ஆட்சியில் சேர்த்துக்கொள்ளாத நாடு அமைதி காணாது என்ற எண்ணம் அதிலிருந்து சட்டமாகவும் ஆனது. உள்ளூராட்சித் தேர்தல்களில் வேட்பாளர் பட்டியலில் நாற்பது வீதம் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்று 1990இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

எங்கள் பக்கத்து லயத்து இளைஞர் ஒருவர் அப்படித்தான் பிரதேச சபைக்குப் போனார். லயமே அவருக்கு மாலை போட்டது. அடுத்த மழைக்கு முன் மேட்டு லயத்துப் பாதையைக் கல் போட்டுத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். சபைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிட இடம் தரவில்லை. எங்கள் வாக்கால் வென்ற பிள்ளை எங்கள் வாசலில் ஒரு கல்லைப் போட முடியாமல் நின்றது. நான்கு வருடம் அவர் தலை குனிந்தே அந்தப் பாதையில் ஏறி இறங்கினார். பிரசவ வலி கண்ட பெண்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய பாதை அது. அந்தத் தடையை 2018இல்தான் திருத்தினார்கள். அதற்குள் அவர் ஊரை விட்டே போய்விட்டார். இளைஞருக்கு நாற்காலி கொடுத்தால் போதாது, அவர் கையெழுத்துக்குத் தோட்ட எல்லைக்குள்ளும் மதிப்பு இருக்க வேண்டும் என்று நான் விளங்கிக்கொண்டது அவருடைய முகத்தைப் பார்த்துத்தான்.

அதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் சோவியத் ஆட்சி சரிந்தது. கட்சியின் வாலிபர் அமைப்புகள் கலைந்த நாடுகள், இளைஞர் என்றால் யார் என்று புதிதாகச் சட்டம் எழுத வேண்டியிருந்தது. எஸ்தோனியா 1999இல் இயற்றிய இளைஞர் பணிச் சட்டம் ஏழு வயது முதல் இருபத்தாறு வரை என்றது. ருமேனியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு முதல் முப்பத்தைந்து என்றது. எஸ்தோனியாவின் கதை எனக்கு நெருக்கமாகப் பட்டதற்கு வேறு காரணம் உண்டு. சுதந்திரம் கிடைத்த அந்த நாட்டில் இலட்சக்கணக்கான ரஷ்ய மொழி பேசுவோர் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். அவர்களின் பிள்ளைகள் பிறக்கும்போதே குடியுரிமை பெறும் ஏற்பாடு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. இளைஞருக்கென்று அழகாகச் சட்டம் எழுதிய நாட்டிலும், அந்த இளைஞர் நாட்டின் பிள்ளைதானா என்ற கேள்வி இத்தனை வருடம் இழுபட்டிருக்கிறது. எங்கேயும் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

*

கட்டாயக் கல்விக்கு வருகிறேன். ஐந்து முதல் பதினான்கு வயது வரை பள்ளிக்கூடம் போவதைக் கட்டாயமாக்க 1939ஆம் ஆண்டின் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. அதற்கான ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது 1997இல். ஐம்பத்தெட்டு வருடங்கள் அந்தப் பக்கம் புரட்டப்படாமல் கிடந்தது. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று, 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சட்டம் இயற்றியது. 2000இல் வேலைக்குரிய ஆகக் குறைந்த வயது பற்றிய சர்வதேச உடன்படிக்கையையும் ஏற்றது. 2016இல் கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறாக உயர்ந்தது.

அந்த ஒழுங்குவிதி வந்த காலத்தில், வராத பிள்ளைகளைத் தேடி லயம் லயமாக நடந்திருக்கிறேன். ஒரு வீட்டில் பதினொரு வயதுப் பையன் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலையில். தகப்பன் மலையில். தங்கச்சி ஒன்றரை வயது, அவன் இடுப்பில்.

“ஏன் தம்பி பள்ளிக்கூடம் வரல்ல?”

“புள்ளய யாரு டீச்சர் பாக்குறது?”

அவனுக்கு என்னிடம் சட்டம் இருந்தது, பதில் இல்லை. பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் பேசினேன். காலை ஏழரைக்கே தங்கச்சியை எடுத்துக்கொள்வதாக அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை அவன் வந்தான். அவனுக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதை எடுக்க நானும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவன் தகப்பனும், பேருந்தேறி ஐந்து முறை போய் வந்தோம். வர்த்தமானியில் ஒரு பக்கம் அச்சடித்த சட்டம் ஒரு பையனின் வாங்கு வரை வந்து சேர, ஒரு ஆயாவும் ஐந்து பேருந்துப் பயணமும் தேவைப்பட்டன. இளைஞர் கொள்கை எழுதுகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

2021இல் வேலைக்குரிய ஆகக் குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாகப் பாராளுமன்றம் உயர்த்தியது. 1927இல் தாத்தாவின் காலத்தில் பத்து. அந்தப் பத்திலிருந்து பதினாறுக்கு ஏற இந்த நாட்டுக்குத் தொண்ணூற்று நான்கு வருடங்கள் பிடித்தன. வகுப்பில் கரும்பலகையில் இரண்டு எண்களையும் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதே வருடம் ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நானும் போய் நின்றேன். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை அவள். சட்டத்தில் வயது உயர்ந்தாலும், லயத்தின் வறுமையும் வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்களும் அப்படியே இருந்தால், பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவளுக்காகத் தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது.

*

2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை, பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளவரை இளைஞர் என்கிறது. அதைப் படித்ததும் அக்காவைத்தான் நினைத்தேன். பதின்மூன்றில் பேர் பதிந்தாள். பத்தொன்பதில் கல்யாணம். இருபத்தொன்பதில் மூன்று பிள்ளைகளின் தாய், அட்டைக் கடியும் முதுகு வலியும். கொள்கை சொல்கிற அந்தப் பதினைந்து வருடங்களும் அவளுக்குத் தேயிலை நிரையிலேயே கழிந்தன.

அப்பா அன்று கூட்டிய இரண்டு வயது அவளை விடவும் இல்லை. தோட்டத்துப் பதிவில் அவள் பிறந்த வருடம் 1959. தாமதப் பதிவில் எடுத்த சான்றிதழில் 1961. சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போனபோது, இரண்டில் எது சரி என்று கேட்டார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, பல தடவை அலைந்த பிறகே பணம் கைக்கு வந்தது. அந்த அலைச்சலில் ஒரு நாள் பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து, “அப்பா எனக்கு ரெண்டு வயசு கூடக் குடுத்தாரு. அத எங்க கொண்டுபோய் திருப்பிக் குடுக்குறது?” என்று கேட்டாள். இந்த முறையும் என்னிடம் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சென்ற வருடம் அக்காவின் பேத்திக்குப் பதினைந்து முடிந்தது. அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைப் பாடசாலையில் கொடுத்திருந்தார்கள். விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க வேண்டும் என்று ஆசை அவளுக்கு. அதற்குப் பக்கத்தில் எந்தப் பாடசாலையில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டு மேசையில் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, “சின்னப்பாட்டி, நெரப்பித் தாங்க” என்றாள்.

“நீயே நெரப்பு” என்றேன்.

அக்கா அடுப்படியில் நின்றவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எழுத்து மறந்து போயிற்று, ஆனாலும் எண்கள் தெரியும். பேத்தியின் தோளுக்கு மேலாகக் குனிந்து, பிறந்த திகதிக் கட்டங்களில் ஒவ்வொரு எண்ணாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சான்றிதழ்ல உள்ளபடியே எழுது சாமி” என்றாள். “கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”